கல்வியியல் பேராசிரியருக்கு விருது: கோப்பில் என்ன இருக்க வேண்டும்

பல்கலைக்கழகங்களின் கல்வியியல் புலங்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகளில் ‘விருதுகளும் சிறப்புகளும்’ என்றொரு பக்கம் தவறாமல் இருக்கும். வாழ்நாள் சாதனை விருது, மாநாட்டில் கிடைத்த சிறந்த கட்டுரைச் சான்றிதழ், ஆய்வு நிதி, சங்க உறுப்பினர் பதவி, பல்கலைக்கழகமே கொடுத்த நல்லாசிரியர் விருது என எல்லாமே ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். வெளியாள் வாசித்தால் எது பெரிது, எது சிறிது என்று விளங்காது. உள்ளே இருப்பவர்களுக்கே பல நேரம் விளங்குவதில்லை. அதனால்தான் நல்ல ஆளைப் பொருந்தாத விருதுக்குப் பரிந்துரைத்து ஒரு வருடத்தை வீணாக்குகிறார்கள்.

சில கௌரவங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 1965-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் நேஷனல் அகாடமி ஆஃப் எஜுகேஷனுக்கு இருக்கும் உறுப்பினர்கள்தான் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே அமைப்பு ஸ்பென்சர் அறக்கட்டளையின் நிதியில் இளம் ஆய்வாளர்களுக்கு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு 70,000 டாலர் நல்கை தருகிறது. அதற்கு நாமே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் ஒரே பெயரைத் தாங்கி வந்தாலும் முதலாவது செய்து முடித்த வேலைக்கான அங்கீகாரம். இரண்டாவது, இனி செய்யப்போகும் வேலையை நம்பிக் கொடுக்கும் பணம். இவற்றை ஒரே பட்டியலில் போடுவது இரண்டுக்குமே நியாயமில்லை.

பிரிட்டனில் இன்னொரு வேறுபாடு உண்டு. அங்கே அட்வான்ஸ் ஹெச்.இ. என்ற அமைப்பு கற்பித்தலுக்காக நான்கு நிலைகளில் ‘ஃபெல்லோ’ அங்கீகாரம் தருகிறது. வகுத்திருக்கும் தரத்தை எட்டியவர் எத்தனை பேராக இருந்தாலும் கிடைக்கும், போட்டி கிடையாது. 2000-ஆம் ஆண்டு முதல் நடக்கும் நேஷனல் டீச்சிங் ஃபெல்லோஷிப் அப்படியல்ல. ஒரு நிறுவனம் மூன்று பேரைத்தான் அனுப்பலாம், நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு அதிகபட்சம் 55 பேர். கனடாவில் 1986-இல் தொடங்கிய 3எம் நேஷனல் டீச்சிங் ஃபெல்லோஷிப் இன்னும் இறுக்கம்: எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குப் பத்து. ‘ஃபெல்லோ’ என்ற சொல்லை மட்டும் பார்த்து இவற்றைச் சமமாக எடைபோடக் கூடாது.

பெரிய பரிசுகளுக்குள்ளும் தேர்வின் அடிப்படை வேறு வேறு. அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகம் 1989 முதல் கல்விக்காகத் தரும் கிராவ்மையர் விருது ஒருவரின் மொத்த வாழ்க்கைச் சாதனையைப் பார்ப்பதில்லை. ஒரு கருத்தைத்தான் பார்க்கிறது. பரிசுத் தொகை ஒரு லட்சம் டாலர். துறை வல்லுநர் அல்லாதவர்களும் தேர்வில் பங்கெடுக்க வேண்டும் என்பது நிறுவியவரின் விருப்பம். ஆகவே அங்கே கலைச்சொற்களால் நிரம்பிய பரிந்துரை எடுபடாது. 2016-இல் நிறுவப்பட்ட யிடான் பரிசு இரண்டு பிரிவுகளில், ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ஹாங்காங் டாலர் தருகிறது. அதில் பாதி ரொக்கம். மீதி வேலையைத் தொடர்வதற்கான திட்ட நிதி. 2017-இல் முதல் பரிசுகளைப் பெற்றவர்கள் கேரல் டுவெக்கும் விக்கி கோல்பெர்ட்டும். ஒருவர் ஆய்வாளர், மற்றவர் கிராமப்புறப் பள்ளிகளுக்கான ஒரு மாதிரியை உருவாக்கிப் பரப்பியவர். இந்த இரட்டைத்தன்மை கல்வியியலுக்கே உரியது. அங்கே ஆய்வும் களமும் தனித்தனி விருதுப் பாதைகள்.

ஆனால் பெரும்பாலான பேராசிரியர்கள் கவலைப்பட வேண்டியது இந்த உச்சிப் பரிசுகளைப் பற்றி அல்ல. அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்துக்கு, அதாவது ஏ.இ.ஆர்.ஏ.வுக்கு, 12 பிரிவுகளும் நூற்றைம்பதைத் தாண்டிய சிறப்பு ஆர்வக் குழுக்களும் உண்டு. அவற்றில் பல தமக்கென ஆய்வேடு விருதும் இளம் ஆய்வாளர் விருதும் வைத்திருக்கின்றன. சிறிய குழுவில் போட்டியாளர்கள் குறைவு. நடுவர்களும் அதே நுண்துறையில் இருப்பவர்கள் என்பதால் வேலையின் அருமை சொல்லாமலே புரியும். முதல் பத்து ஆண்டுகளில் இருக்கும் ஒருவருக்கு இவைதான் பயன்தரும் விருதுகள் என்பது என் கருத்து. பெயர் பெற்ற பெரிய விருதுக்கு மூன்று முறை முட்டிமோதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இவ்வளவு விருதுகள் இருந்தும் ஒரு புலத்தில் திரும்பத் திரும்ப அதே மூன்று பேர்தான் வாங்குவார்கள். ஏற்கெனவே பெயர் எடுத்தவருக்கே மேலும் பெயர் சேரும் போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-இல் ‘மத்தேயு விளைவு’ என்று விவரித்தார். ஒரு விருது தன்விவரக் குறிப்பில் ஏறியதும் அடுத்த நடுவர் குழு அதையே சான்றாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் இதில் பாதி, உள்ளூர்ச் சோம்பல். பல விருதுகளில் தன்னைத்தானே பரிந்துரைக்க முடியாது; இன்னொருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். யார் எழுதுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில், போன வருடக் கோப்பு கையில் தயாராக இருப்பவருக்கே மறுபடியும் பரிந்துரை போகிறது.

இதற்கு மாற்று எளிது. புலத்தில் நான்கு பேர் கொண்ட நிலையான குழு ஒன்று வேண்டும். அவர்கள் கையில் ஓர் அட்டவணை இருக்க வேண்டும்: விருதின் பெயர், கொடுப்பவர், தகுதி, யார் பரிந்துரைக்கலாம், கடைசித் தேதி, பக்க வரம்பு, கடிதங்களின் எண்ணிக்கை, நம் புலத்தில் பொருந்துபவர்கள் யார். இதில் அதிகம் தவறவிடப்படுவது தகுதிக் காலம். இளம் ஆய்வாளர் விருதுகளில் பலவும் முனைவர் பட்டம் பெற்ற ஆண்டிலிருந்துதான் கணக்கிடும், வேலையில் சேர்ந்த ஆண்டிலிருந்து அல்ல. பட்டம் வாங்கிப் பள்ளியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்கள் கல்வியியலில் நிறைய. அவர்கள் சேர்ந்த இரண்டாம் வருடமே தகுதி முடிந்துபோகலாம். மகப்பேறு விடுப்புக்கும் நோய்க்கும் சில அமைப்புகள் கால நீட்டிப்பு தருகின்றன. ஆனால் கேட்டால்தான் தருவார்கள். எனவே அட்டவணையில் ஒவ்வொருவரின் பெயருக்கு நேரே ‘தகுதி முடியும் ஆண்டு’ என்று ஒரு கட்டம் போட்டு, அது நெருங்குபவரை முதலில் அனுப்ப வேண்டும். மூத்தவருக்கு அடுத்த வருடமும் வாய்ப்பு இருக்கும்.

இனி கோப்பு, அதாவது பரிந்துரையோடு நடுவர்களுக்குப் போகும் அறிக்கை, சான்றுகள், கடிதங்களின் தொகுப்பு. கல்வியியல் பேராசிரியரின் கற்பித்தல் விருதுக் கோப்பு மற்றத் துறைகளின் கோப்பைவிடக் கடினமானது. பொறியியலில் மாணவர் கற்றுக்கொண்டாரா என்பதை அவரது தேர்விலும் செய்முறையிலும் பார்த்துவிடலாம். கல்வியியலில் மாணவரே நாளைய ஆசிரியர். பேராசிரியர் செய்த வேலையின் பலன் வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில், எட்டு வயதுக் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தில் தெரியும். பேராசிரியர் தன் பாடத்தில் எதை மாற்றினார், அதனால் பயிற்சி ஆசிரியர் வகுப்பறையில் எதை மாற்றினார், அதனால் குழந்தைகள் என்ன கற்றார்கள் என்று மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி இது.

பெரும்பாலான கோப்புகள் முதல் கண்ணியோடு நின்றுவிடுகின்றன: புதிய பாடத்திட்டம் எழுதினார், செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார், குறும்படங்கள் தயாரித்தார். ஆர்வக்கோளாறில் சிலர் நேரே மூன்றாம் கண்ணிக்குத் தாவுவார்கள்: ‘இவரிடம் படித்த ஆசிரியர்களால் பள்ளியின் தேர்ச்சி விகிதம் உயர்ந்தது’ என்று. இது ஆபத்து. நடுவர்களில் பாதிப்பேர் இதே கேள்வியை ஆராய்பவர்கள். தலைமை ஆசிரியர் மாறினாரா, மாணவர் சேர்க்கை மாறியதா என்று ஒரு நிமிடத்தில் கேட்டுவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம் மொத்தக் கோப்பின் நம்பகத்தன்மையையும் கெடுத்துவிடும்.

வெல்லும் கோப்புகள் இரண்டாம் கண்ணியைப் பிடித்துக்கொள்கின்றன. கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூட முழுதாகக் காத்திருப்பதில்லை என்பதையும், அதை மூன்று விநாடிக்கு நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீளமும் ஆழமும் பெறுகின்றன என்பதையும் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். அறிவியல் கற்பித்தல் முறை நடத்தும் பேராசிரியர் ஒருவர் இதைத் தன் பாடத்தில் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பயிற்சி ஆசிரியர்கள் கற்பித்தல் பயிற்சியின் இரண்டாம் வாரத்திலும் கடைசி வாரத்திலும் பத்துப் பத்து நிமிடம் வகுப்பைப் பதிவு செய்து, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை விநாடி காத்திருந்தார்கள் என்று தாங்களே அளந்து எழுதுகிறார்கள். கோப்பில் இது அரைப் பக்கத்தில் அடங்கும். எத்தனை பேர் பதிவு செய்தார்கள், முதல் பதிவின் இடைநிலை (விநாடிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) எவ்வளவு, கடைசிப் பதிவின் இடைநிலை எவ்வளவு, யாரிடம் மாற்றமே இல்லை, அவர்களுக்காக அடுத்த ஆண்டு எது திருத்தப்பட்டது. கடைசி இரண்டு விவரங்களும்தான் நடுவரின் பேனாவை நிறுத்தும். எதுவும் தோற்காத கோப்பை யாரும் முழுதாக நம்புவதில்லை.

மாற்றுவதற்கு முன் இருந்த நிலையின் பதிவு இல்லாவிட்டால் இந்த அரைப் பக்கத்தை எழுதவே முடியாது. விருது அறிவிப்பு வந்தபிறகு அதைத் தேடினால் கிடைக்காது. ஆகவே பாடத்தில் புதிதாக எதையாவது கொண்டுவருபவர், பழைய முறையில் நடந்த கடைசிப் பருவத்தின் பாடக் குறிப்புகள் பத்தையும் மதிப்பீட்டுத் தாள்களையும் பெயர் நீக்கி எடுத்துவைக்க வேண்டும். வகுப்பறைப் பதிவுகள் என்றால் பள்ளியின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வாசகம் மூன்றும் கையில் வேண்டும். பயிற்சிக்காக மட்டும் வாங்கிய ஒப்புதலை வைத்துக்கொண்டு குழந்தைகளின் முகம் தெரியும் காணொளியை விருதுக் கோப்பில் சேர்ப்பது ஒப்புதலை மீறுவது. சில குழுக்கள் அதைப் பார்த்ததுமே கோப்பை ஓரம்கட்டிவிடும்.

மாணவர் கருத்துப் படிவங்கள் பற்றி. எல்லாக் கோப்பிலும் இவை இருக்கும், ‘5-க்கு 4.8’ என்ற எண் தடித்த எழுத்தில் இருக்கும். அறுபது பேர் கொண்ட வகுப்பில் பன்னிரண்டு பேர் பதில் போட்டு வந்த 4.8 எதையும் சொல்லாது. அந்த எண் கற்றலை அளக்கிறதா என்பதே சந்தேகம். 2017-இல் உட்டல், வைட், கொன்சாலஸ் மூவரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்து மறுபடி அலசியபோது, இந்த மதிப்பெண்ணுக்கும் மாணவர் கற்றலுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. மெக்னெல் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இணையவழிப் பயிற்றுநர் ஆண் பெயரில் நடத்தியபோது பெண் பெயரில் நடத்தியதைவிட அதிக மதிப்பெண் கிடைத்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இப்படிப்பட்ட ஆய்வுகளை வாசித்தவர்கள்தான் கல்வியியல் நடுவர் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. படிவங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுக்கான எண்களை எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து, பதிலளித்தோர் விகிதத்தோடு, மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதோடு சின்ன அட்டவணையாகப் போட்டுவிட்டு அடுத்த சான்றுக்கு நகர்ந்துவிடலாம்.

கோப்பின் தலைவிதி ஆதரவுக் கடிதங்களில் இருக்கிறது. வழக்கமாக மூன்று முதல் ஐந்து கேட்பார்கள். மூன்று கடிதமும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது ஒரு கடிதத்துக்குச் சமம். படித்து முடித்து நான்கைந்து வருடமாகப் பள்ளியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், பயிற்சி ஆசிரியர்களைத் தன் வகுப்பில் ஏற்று வழிநடத்தும் பள்ளி ஆசிரியர் ஒருவர், சேர்ந்து கட்டுரை எழுதாத வெளிப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் சங்கிலியின் மூன்று பக்கமும் தெரியும். புல முதல்வரின் கடிதத்துக்கு எடை குறைவு. எல்லோருக்கும் எழுதுபவர் அவர்.

எழுதும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘பேராசிரியர் அவர்கள் கடின உழைப்பாளி, மாணவர்கள்பால் அன்பு கொண்டவர், கல்விப் பணிக்குத் தம்மை முழுமையாக அர்ப்பணித்தவர்’ என்ற வரி எந்தத் துறையில் எவருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். நடுவரின் கண் அதில் நிற்காது. இதையே பழைய மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘பின்னங்கள் பாடத்தில் குழந்தைகள் எழுதிய தவறான விடைகளைச் சேகரித்து, எந்த யோசனையிலிருந்து அந்தத் தவறு பிறந்தது என்று ஒரு வரி எழுதச் சொல்வார். 2/3-உடன் 1/4-ஐக் கூட்டி 3/7 என்று எழுதிய குழந்தை, மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது என்று அப்படித்தான் பார்க்கக் கற்றேன். இப்போது எங்கள் பள்ளியின் கணித ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து இதைச் செய்கிறோம்.’ இந்தக் கடிதத்தில் ‘அர்ப்பணிப்பு’ என்ற சொல்லே தேவைப்படவில்லை.

பெண்களுக்காக எழுதும் கடிதங்களில் இந்த ‘கடின உழைப்பாளி’ சிக்கல் இன்னும் கூடுதல். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை டிரிக்ஸும் சென்காவும் அலசி 2003-இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாக நீளம் குறைந்தவை. சந்தேகத்தைக் கிளப்பும் சொற்களும் உழைப்பைப் புகழும் சொற்களும் அவற்றில் அதிகம். ஆராய்ச்சித் திறனைச் சொல்ல வேண்டிய இடத்தில் உழைப்பைச் சொல்வது மறைமுகமாக மட்டம் தட்டுவதுதான். பெண்கள் அதிகம் பணிபுரியும் புலங்களில் பரிந்துரைப்பவர் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

கடிதம் எழுதுபவருக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுக்க வேண்டும். விருதின் அளவுகோல்கள், தன்விவரக் குறிப்பு, பரிந்துரை அறிக்கையின் வரைவு, அவர் தொட வேண்டிய இரண்டு விஷயங்கள் எல்லாம் ஒரே மின்னஞ்சலில் போக வேண்டும். வாசகத்தை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்குகிற பழக்கம் உண்டு. மூன்று கடிதங்களில் ஒரே வாக்கியம் வந்து நின்றால் நடுவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார்கள்.

ஆய்வு விருது என்றால் எண்கள் வரும். ஒருவரின் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துக் கணக்கிடும் ஹெச்-குறியீடு 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தது. கல்வியியலில் புத்தகங்கள், பாடத்திட்ட அறிக்கைகள், ஆங்கிலமல்லாத மொழிகளில் வரும் கட்டுரைகள் ஆகியவற்றின் பெரும்பகுதி மேற்கோள் தரவுத்தளங்களில் ஏறுவதே இல்லை. எண்ணைத் தனியாகத் தூக்கிக் காட்டினால் உளவியல் துறைக்காரரோடு ஒப்பிட்டு ஒதுக்கிவிடுவார்கள். மிக முக்கியமான ஐந்து வெளியீடுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அது எந்தக் கேள்விக்கு விடை தந்தது, யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்று மூன்று வரி எழுதுவது நல்லது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா பிரகடனமும், இதழின் தாக்க எண்ணை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற எண்ணை) வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொண்டது.

நடுவர் குழு எப்படி வாசிக்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் நிகழாது. ஐந்தாறு பேர், முப்பது நாற்பது கோப்புகள், எல்லோருக்கும் சொந்த வேலை. முதல் சுற்றில் ஒரு கோப்புக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். கையில் அளவுகோல் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு அளவுகோலுக்கும் மதிப்பெண் போட வேண்டும். பரிந்துரை அறிக்கையின் துணைத்தலைப்புகள் அதே அளவுகோல்களாக, அதே வரிசையில் இருந்தால் அவர் தேட வேண்டியதில்லை. ‘பிறரின் கற்பித்தலை மேம்படுத்தியது’ என்ற அளவுகோலுக்கான சான்று இணைப்பின் 23-ஆம் பக்கத்தில் ஒளிந்திருந்தால், அங்கே பூஜ்யம்தான். பக்க வரம்பைத் தாண்டுவது, தன்விவரக் குறிப்பில் ஓர் ஆண்டும் அறிக்கையில் வேறோர் ஆண்டும் இருப்பது, கூட்டாகச் செய்த வேலையைத் தனி ஆளின் சாதனையாகக் காட்டுவது இவையெல்லாம் முதல் சுற்றிலேயே வீழ்த்தும். கூட்டு வேலை என்றால் ‘குழுவில் நால்வர், மதிப்பீட்டுக் கருவியை உருவாக்கியது இவர்’ என்று பங்கைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

போலி விருதுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘உலகச் சிறந்த கல்வியாளர்’ பட்டத்துக்குத் தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், பதக்கத்துக்கும் விழாவுக்கும் பதிவுக் கட்டணம் செலுத்தவும் என்று வரும் மின்னஞ்சல்கள் ஏராளம். கட்டணம் என்றாலே மோசடி என்று சொல்ல முடியாது. தரச்சான்று வகை அங்கீகாரங்களில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க நேர்மையாகவே கட்டணம் வாங்குவது உண்டு. பார்க்க வேண்டியது வேறு. யாரும் பரிந்துரைக்காமலே தேர்வானீர்களா? நடுவர்களின் பெயர் எங்காவது இருக்கிறதா? வென்றபிறகு பணம் கேட்கிறார்களா? கல்வியியல், பல் மருத்துவம், வீட்டுமனை வணிகம் எல்லாவற்றுக்கும் ஒரே மேடையில் பரிசா? இப்படியொரு விருது பட்டியலில் ஏறிவிட்டால் பக்கத்து வரியில் இருக்கும் உண்மையான விருதின் மதிப்பும் சேர்ந்தே இறங்கும்.

புலத்தின் பட்டியலை எழுதுபவருக்குச் சில நடைமுறைகள். விருதின் முழுப் பெயர், கொடுத்த அமைப்பு, எதற்காக, வழங்கப்பட்ட ஆண்டு ஆகிய நான்கும் ஒவ்வொரு பதிவிலும் வேண்டும். பரிந்துரைக்கப்பட்டவர், இறுதிச் சுற்றுக்கு வந்தவர், வென்றவர் மூவரும் வேறு வேறு. ‘விருதுக்குத் தேர்வானவர்’ என்று மழுப்பக் கூடாது. ஆய்வு நிதிகளையும், 1946-இல் நிறுவப்பட்ட அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் போன்ற நல்கைகளையும் தனித் தலைப்பில் போட வேண்டும். கூட்டு விருதில் வேறு புலத்துக்காரர்கள் இருந்தால் அவர்கள் பெயரும் வர வேண்டும். வாழ்நாள் விருதை மேலே, சான்றிதழைக் கீழே என்று வரிசைப்படுத்த வெட்கப்பட வேண்டியதில்லை.

கிடைக்கவில்லை என்றால் நடுவர் குழுவிடம் கருத்துக் கேட்கலாம். பல அமைப்புகள் கேட்டால் இரண்டு வரியாவது அனுப்பும். சில விருதுகளில் பரிந்துரை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், புதுப்பித்தால் போதும். புதுப்பிப்பது என்றால் தேதியை மாற்றுவது அல்ல. கருத்தில் சுட்டிய அளவுகோலுக்குப் புதிய சான்று ஒன்றைச் சேர்க்க வேண்டும், அதைப் பற்றிப் பேசக்கூடிய ஒருவரிடம் புதிய கடிதம் வாங்க வேண்டும், பழைய கடிதங்களை எழுதியவர்களிடம் ஒரு பத்தி கூட்டித் தரக் கேட்க வேண்டும். குழுவில் சிலர் போன ஆண்டும் இருந்திருப்பார்கள். அதே கோப்பு மறுபடி வந்தால் முதல் பக்கத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.